மூக்கு வளைந்த ஜாகுவார்



இந்தப் பக்கத்தில் எதை எழுதுவது என்பதற்கு எந்த வரைமுறையும் கிடையாது என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்கள் தலைப்பைப் பார்த்துவிட்டு மிருகக்காட்சி சாலைக் கட்டுரை என்று நினைத்துவிட வேண்டாம். இந்த ஜாகுவார், கார். இங்கிலாந்தில் 1961 முதல் 1974 வரை செய்யப்பட்ட ஈ-டைப் என்ற ஸ்போர்ட்ஸ் கார். அதிலும் முழுக் காரைப் பற்றி எழுதப் போவதில்லை. முன்னால் லேசாக இடித்துக்கொண்டால் உள்ளே இருக்கும் சட்டகம் என்ன ஆகும், அதை எப்படிச் சரி செய்தார்கள், அந்த வேலைக்குப் பின்னால் என்ன வரலாறு இருக்கிறது, இவ்வளவுதான் விஷயம்.

பி.காம். படிக்கும் ஆளுக்கு டிங்கரிங் வேலை எதற்கு என்று வகுப்பு நண்பர்கள் கேட்கலாம். தேய்மானம், புத்தக மதிப்பு என்று செமஸ்டர் செமஸ்டராக எழுதித் தள்ளுகிறோம் அல்லவா? ஒரு பொருளின் விலையும் அதன் ஆயுளும் எப்படி முட்டிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. கார் ரோட்டில் ஓடப் போகிறதா, காயலான் கடைக்குப் போகிறதா என்பதை ஒரு சின்ன வளைவு தீர்மானித்த கதை இது.

நீண்ட மூக்கு

1961 மார்ச் 15, சுவிட்சர்லாந்தின் ஜெனீவா. ஜாகுவார் நிறுவனர் சர் வில்லியம் லயன்ஸ் பத்திரிகைக்காரர்களுக்கு ஈ-டைப்பைக் காட்டினார். ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டவர்கள் அதிகம், கொண்டு போன கார்கள் போதவில்லை. கோவென்ட்ரியில் இருந்த இன்னொரு காரை நார்மன் டூயிஸ் என்ற சோதனை ஓட்டுநர் ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். 3.8 லிட்டர் என்ஜின், 265 குதிரைத்திறன், மணிக்கு 150 மைல் (சுமார் 240 கி.மீ.) வேகம் என்று விளம்பரம். பிரிட்டனில் வரியோடு சேர்த்து விலை சுமார் 2,100 பவுண்டு. அந்தக் காலத்து ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 காரின் விலையில் ஏறத்தாழ பாதி.

படத்தில் பார்த்தவர்களுக்கு அந்த வடிவம் மறக்காது. காரின் முன்பாதி முழுக்க ஒரே பானெட். தனியாக மட்கார்டு கிடையாது, எல்லாம் சேர்ந்து ஒரே உறுப்பு. கீல் முன்னால் இருக்கிறது, அதனால் திறந்தால் பின்விளிம்பு மேலே எழும்பி மொத்த மூக்கும் முன்பக்கமாகச் சாயும். அதன் கீழே என்ஜின், முன் சக்கரங்கள், ஸ்டியரிங், ரேடியேட்டர் எல்லாம் திறந்து கிடக்கும்.

அழகு ஒருபக்கம் இருக்கட்டும். இந்த மூக்கில் நடைமுறைச் சங்கடம் ஒன்று உண்டு. ஓட்டுநர் இருக்கையிலிருந்து மூக்கின் நுனி தெரியாது. பம்பர் என்று பெயருக்கு இரண்டு மெல்லிய குரோம் பட்டைகள். காற்று போகும் வாய் அவற்றுக்கு நடுவே நீட்டிக்கொண்டு நிற்கும். பார்க்கிங்கில் எதிர் வண்டியின் பின்பக்கத்தில் லேசாக முட்டினாலே அடி பானெட்டில்தான் விழும். பானெட் கீல் எதில் மாட்டியிருக்கிறதோ, அடுத்தது அதற்கு.

உள்ளே என்ன இருக்கிறது?

பெரும்பாலான சாதாரண கார்களில் முன்னிருந்து பின்வரை தகடுகளை ஒன்றோடு ஒன்று பற்றவைத்து ஒரே கூடாகச் செய்திருப்பார்கள். இதற்கு மோனோகாக் என்று பெயர். முட்டை ஓடு மாதிரி, ஓடே பலம். தனியாகச் சேஸி கிடையாது.

ஈ-டைப் பாதி அப்படி, பாதி வேறு மாதிரி. ஓட்டுநர் காலுக்கு முன்னால் இருக்கும் தடுப்புச் சுவரிலிருந்து பின்பக்கம் வரை மோனோகாக். அந்தச் சுவருக்கு முன்னால் சதுரக் குழாய்களால் ஆன ஒரு கூண்டு. இந்தக் கூண்டும் ஒரே துண்டு இல்லை. இடமும் வலமும் என்ஜினைத் தாங்கும் முக்கோண வடிவச் சட்டங்கள் இரண்டு. அவற்றின் முன்முனையில் குறுக்கே நிற்கும் செவ்வகச் சட்டம் ஒன்று. சுவரில் மாட்டும் போட்டோ சட்டம் போல இருப்பதால் மெக்கானிக்குகள் இதைப் பிக்சர் ஃபிரேம் என்றே கூப்பிடுவார்கள். முன் சஸ்பென்ஷனும் ஸ்டியரிங் ரேக்கும் இதைச் சார்ந்தே நிற்கின்றன. அதற்கும் முன்னால், கடைசியாக, இலேசான ஒரு சட்டம். ரேடியேட்டரும் பானெட் கீலும் இதில்தான்.

இவை எல்லாம் ஒன்றோடொன்றும், உடலோடும் சேர்ந்திருப்பது போல்ட்டால். வெல்டிங் கிடையாது. கட்டுரையின் உயிர் இந்த ஒரு வரியில் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள்.

போல்ட் வந்த வழி

ஈ-டைப்புக்கு அண்ணன் ஒருவன் உண்டு. 1954ல் ஜாகுவார் பந்தயத்துக்காகச் செய்த டி-டைப். வடிவமைத்தவர் மால்கம் சேயர். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டுக் கார் கம்பெனிக்கு வந்தவர். விமானத்தின் உடலைப் போலவே தகட்டாலான நடுக்கூடு ஒன்றைச் செய்து, அதற்கு முன்னால் என்ஜினைத் தாங்கும் குழாய்ச் சட்டகத்தை வைத்தார்.

1954ம் வருடக் கார்களில் அந்த முன் சட்டகம் இலேசான உலோகக் கலவைக் குழாய். நடுக்கூட்டோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள். எடை குறைவு, உறுதியும் இருந்தது. அந்த வருடம் பிரான்சின் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஃபெராரிக்கு அடுத்தபடியாக இரண்டாம் இடம் வந்தது. சங்கடம் எங்கே என்றால், மூக்கில் அடிபட்டால் பாதிப்பு நடுக்கூடு வரை இழுத்துக்கொண்டு போகும். எல்லாம் ஒரே உடம்பு, எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது?

1955ல் ஜாகுவார் இதை மாற்றியது. முன் சட்டகத்துக்கு எஃகுக் குழாய் வந்தது, பற்றவைப்பதற்குப் பதில் போல்ட் வந்தது. அடிபட்டால் சட்டகத்தை மட்டும் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். கம்பெனி அணிக்கு மட்டும் இல்லை, அந்த வருடம் முதல் தனியார் பந்தயக்காரர்களுக்கும் டி-டைப்பை விற்க ஆரம்பித்திருந்தார்கள். வாங்கியவன் சொந்த ஷெட்டில் வைத்துப் பழுது பார்க்க முடியாத காரை யார் வாங்குவார்கள்?

டி-டைப் 1955, 1956, 1957 என்று மூன்று வருடம் தொடர்ந்து லு மான் ஜெயித்தது. (1955 பந்தயத்தில்தான் மெர்சிடிஸ் கார் ஒன்று பார்வையாளர் பகுதிக்குள் பாய்ந்து 80க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.) பின்னால் ஈ-டைப் வரைபடம் தயாரானபோது முன்பக்க அமைப்பு அப்படியே டி-டைப்பிலிருந்து வந்தது. பந்தயத்தில் சீக்கிரம் பழுது பார்ப்பதற்காகச் செய்த ஏற்பாடு, கடைக்குப் போய்வரும் காருக்கும் கிடைத்துவிட்டது.

சைக்கிள் குழாய்

ஈ-டைப்பின் முன் சட்டகக் குழாய்களைக் கொடுத்தது பர்மிங்ஹாமில் இருந்த ரெனால்ட்ஸ் நிறுவனம். பிரெஞ்சு ரெனால்ட் கார் கம்பெனியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது வேறு. சைக்கிள் குழாய்க்குப் பேர் போன நிறுவனம் இது. முனைகளில் தடிமனாகவும் நடுவில் மெல்லியதாகவும் குழாய் செய்யும் முறைக்கு 1897லேயே காப்புரிமை வாங்கியவர்கள். 1935ல் இவர்கள் கொண்டுவந்த 531 என்ற எஃகுக் கலவையில்தான் பல பத்தாண்டுகளுக்கு நல்ல பந்தய சைக்கிள்கள் செய்யப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் என்ஜின் தாங்கியிலும் அந்தக் குழாய் உண்டு.

இந்த வகைக் குழாயின் குணம் தெரிந்தால்தான் பழுது வேலை புரியும். சுவர் மெல்லியது, ஆனால் பலம் அதிகம். அந்தப் பலம் கலவையிலிருந்தும், குழாயை இழுத்துச் செய்த பக்குவத்திலிருந்தும் வருகிறது. மூட்டுகளை உருக்கி ஒட்டாமல், பித்தளை மாதிரிக் குறைந்த சூட்டில் உருகும் உலோகத்தை ஊற்றி இணைப்பார்கள். இதற்கு பிரேசிங் என்று பெயர். குழாய் செக்கச் சிவக்கச் சூடேறினால் பக்குவம் கெட்டு, அந்த இடம் மட்டும் மெத்தென்று ஆகிவிடும்.

நம்மூர் சைக்கிள் கடையில் ஃபோர்க் வளைந்தால் காலால் மிதித்து நிமிர்த்தித் தருவார்கள். சைக்கிள் ஓடும், மறுபடி அதே இடத்தில்தான் வளையும். 150 மைல் வேகக் காரில் அந்த விளையாட்டு ஆகாது. அதனால்தான் ஈ-டைப் வேலை தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள்: வளைந்த குழாயைச் சூடுகாட்டி நிமிர்த்தாதே, மேலே தகடு வைத்து வெல்டிங் பண்ணாதே, கழற்றிவிட்டுப் புதுசு மாட்டு.

சின்ன அடியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரிய விபத்தில் சந்தேகமே வராது. சின்ன அடிதான் ஆபத்து. பானெட்டை டிங்கரிங் பார்த்து, பட்டி தடவி, பெயிண்ட் அடித்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே சட்டகம் அரை அங்குலம் தள்ளி நிற்கும்.

முதல் சாட்சி இடைவெளி. பானெட்டை மூடிவிட்டு, அதன் பின்விளிம்புக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் சந்தை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ஒருபக்கம் தீப்பெட்டி நுழைகிறது, இன்னொரு பக்கம் காகிதம்கூட நுழையவில்லை என்றால் கீல் தாங்கும் சட்டம் நகர்ந்திருக்கிறது. ஒருபக்கக் கொக்கி மட்டும் மாட்டச் சிரமப்படுவதும் இதே வகைதான்.

இரண்டாவது சாட்சி பெயிண்ட். குழாய் மூட்டுகளில் மயிரிழை போல வெடிப்பும் அதன் ஓரம் துரு கசிந்த கோடும் இருந்தால் அந்த மூட்டு அசைந்திருக்கிறது. துரு அடியால் மட்டும் வருவதில்லை. மூடிய குழாய்க்குள் ஈரம் தங்கினால் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பளபளவென்று இருக்கும் குழாய் உள்ளே தாள் கனத்துக்குத் தேய்ந்திருக்கலாம். ஐம்பது அறுபது வருடக் காரில் லேசான முட்டல்கூட மோசமாக முடிவதற்கு இதுதான் பெரிய காரணம்.

மூன்றாவது அளவு. இதற்குக் கொத்தனாரின் தூக்குக் குண்டும் சாக்பீசும் டேப்பும் போதும். வண்டியைச் சமதளத்தில் மட்டம் பார்த்து நிறுத்தி, சட்டகத்தில் இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும் புள்ளிகளிலிருந்து குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு மூலைவிட்டமாக அளக்க வேண்டும். இடதுமுன் புள்ளியிலிருந்து வலதுபின், வலதுமுன் புள்ளியிலிருந்து இடதுபின். இரண்டும் சமமாக வந்தால் சட்டகம் நேராக இருக்கிறது. வேறுபட்டால் கோணியிருக்கிறது. வீட்டுக்கு அஸ்திவாரக் கயிறு கட்டும்போது பார்க்கும் அதே கணக்கு. ஏணி போன்ற சேஸி கொண்ட அந்தக் காலத்துக் கார்களுக்கெல்லாம் இந்த முறைதான்.

இனி வேலை. அடி கடைசி முன்சட்டத்தோடு நின்றுவிட்டால் பிழைத்தோம். பானெட்டை விளக்கு ஒயர்களோடு கழற்றி, நாலு பேர் பிடித்து ஓரமாக வைக்க வேண்டும். ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு அதையும் எடுக்க வேண்டும். பிறகு போல்ட்களைக் கழற்றினால் சட்டம் கையோடு வந்துவிடும். என்ஜினைத் தொட வேண்டியதில்லை. புதுச் சட்டத்தை மாட்டி, பானெட்டை வைத்து, இடைவெளி சமமாக வரும்வரை கீலில் மெல்லிய தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் பார்க்க வேண்டும். பெயிண்ட் அடிப்பது அதற்குப் பிறகுதான்.

பிக்சர் ஃபிரேம் வரை அடி போயிருந்தால் வேலை கூடும். சஸ்பென்ஷன், ஸ்டியரிங் எல்லாம் இறங்க வேண்டும். அதையும் தாண்டி முக்கோணச் சட்டங்கள் வளைந்திருந்தால் என்ஜினே வெளியே வர வேண்டும். அப்போதும் ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும் கூட்டில் வெட்டுவதோ ஒட்டுவதோ கிடையாது. எந்த போல்ட்டில் சேதம் நின்றதோ அந்த போல்ட்டோடு செலவும் நிற்கும். நம்ம பாஷையில் சொன்னால், நஷ்டத்துக்கு ஒரு வரம்பு கட்டியிருந்தார்கள் :-)

பக்கத்து வீட்டுக் கார்கள்

அதே காலத்து மற்றக் கார்களோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும்.

1962ல் வந்த எம்ஜிபி முழு மோனோகாக். 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். முன்பக்க உள்தண்டவாளம் வளைந்தால் அதை இழுத்து நிமிர்த்த வேண்டும், அல்லது வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். அளவு பிசகாமல் பிடித்துவைக்க இரும்பு மேடை வேண்டும், கைதேர்ந்த வெல்டர் வேண்டும். இந்தக் கார்களுக்குக் கடைசியில் வந்த தீர்வு வேடிக்கையானது. 1988ல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து முழு உடலையே புதிதாகச் செய்து விற்க ஆரம்பித்தது. விரலில் காயம் என்றால் உடம்பையே மாற்று என்கிற மாதிரி.

அதே 1962ல் வந்த லோட்டஸ் எலான் இன்னொரு வழி. மேலே ஃபைபர் உடல், கீழே முதுகெலும்பு போன்ற ஒற்றைத் தகட்டுச் சேஸி. அதில் ஒரு தந்திரம் செய்திருந்தார்கள். மூக்கில் மூடித் திறக்கும் முகப்பு விளக்குகளை இயக்குவது காற்றில்லா வெற்றிடம். அந்த வெற்றிடத்தைச் சேமித்துவைக்கும் தொட்டி வேறெதுவும் இல்லை, சேஸியின் முன் குறுக்குத் தண்டின் உட்புறம்தான். முன்னால் அடிபட்டு ஒரு மயிரிழை வெடித்தாலோ துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலோ விளக்குகள் ஒழுங்காக வேலை செய்யாது. சேஸியின் நோய் கண்ணில் தெரியும் கார்! பின்னாளில் லோட்டஸே துத்தநாகம் பூசிய மாற்றுச் சேஸிகளைக் கொடுத்தது. உடலைக் கழற்றிப் புதுச் சேஸி மேல் வைப்பதுதான் அங்கே வழக்கமான சிகிச்சை.

8 கிலோமீட்டர் சட்டம்

சின்ன முட்டலுக்கு ஆகும் செலவு ஒரு கட்டத்தில் அரசாங்க விஷயமாகவே ஆனது. ஈ-டைப்பின் பெரிய சந்தை அமெரிக்கா. 1973ம் வருட மாடல்களிலிருந்து அங்கே புதுச் சட்டம் வந்தது. மணிக்கு 5 மைல், அதாவது 8 கி.மீ. வேகத்தில் முன்பக்கம் தடுப்பில் மோதினாலும் விளக்கு, எரிபொருள் அமைப்பு போன்றவை சேதமாகக் கூடாது. மெல்லிய குரோம் பட்டைகளின் காலம் அதோடு முடிந்தது. கடைசிக் கால ஈ-டைப்களில் அமெரிக்காவுக்குப் போனவை கறுப்பு ரப்பர் முட்டுகளைச் சுமந்தன. 1974ல் எம்ஜிபிக்குப் பெரிய கறுப்பு ரப்பர் பம்பரே வந்தது. அழகு போச்சு என்று ரசிகர்கள் இன்றுவரை புலம்புகிறார்கள். ரிப்பேர் பில் கட்டியவர்கள் அப்படிப் புலம்பியிருப்பார்களா என்பது சந்தேகம். 1982ல் அமெரிக்கா அந்த வேகத்தை 2.5 மைலாகக் குறைத்துவிட்டது.

1974ல் ஈ-டைப் நின்றது. மொத்தம் ஏறத்தாழ 72,500 கார்கள். 1975ல் அதன் இடத்துக்கு வந்த எக்ஸ்ஜே-எஸ் முழு மோனோகாக். போல்ட் போட்ட மூக்கு அதோடு முடிந்தது.

கணக்கில் செத்த கார்

இப்போது நம்ம பாடத்துக்கு வருவோம்.

1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி. பெட்ரோலைக் குடிக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை யாரும் சீந்தவில்லை. பத்து வருட ஈ-டைப்பின் சந்தை விலை தரையைத் தொட்டது. பானெட்டின் விலை மட்டும் அப்படியே நின்றது. அத்தனை பெரிய, பல தகடுகளைச் சேர்த்துச் செய்த உறுப்பு அது.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளுங்கள். காரின் மதிப்பு 100. பானெட், ரேடியேட்டர், முன்சட்டம், பெயிண்ட், கூலி எல்லாம் சேர்த்து 90. காப்பீட்டுக் கம்பெனி என்ன செய்யும்? 100ஐக் கொடுத்துவிட்டு மிச்சத்தை உடைசலாக விற்றுவிடும். (நம் நாட்டுக் காப்பீட்டுப் பத்திரத்திலும் பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டம் என்றுதான் கொள்வார்கள்.) பொறியாளர் பார்வையில் அந்தக் காருக்கு ஒரு நாள் வேலை. கணக்காளர் பார்வையில் பிணம். இரண்டு பேர் சொல்வதும் சரிதான் என்பதுதான் இதில் கசப்பு.

பிரிட்டனில் காப்பீட்டுத் துறையே இந்தச் சிக்கலைப் பின்னால் ஒப்புக்கொண்டது. அங்கே கைவிடப்பட்ட வண்டிகளை ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்து வைத்திருந்தார்கள். சி, டி இரண்டுக்கும் நடுவே கோடு போட்டது பணம். பழுதுச் செலவு காரின் மதிப்பைத் தாண்டினால் சி, தாண்டாவிட்டால் டி. 2017 அக்டோபர் முதல் அவற்றுக்குப் பதிலாக எஸ், என் என்று இரண்டு வகை வந்தது. சட்டகத்தில் சேதம் என்றால் எஸ், மற்றது என். வண்டியை வாங்கப் போகிறவன் தெரிந்துகொள்ள வேண்டியது பழைய பில் தொகையை இல்லை, அடி எங்கே விழுந்தது என்பதை. இந்த உண்மை ஏட்டில் ஏற அத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

1980களின் பிற்பாதியில் காற்று திரும்பியது. பழைய கார்களுக்குக் கிராக்கி வந்து 1989 வாக்கில் ஈ-டைப் விலை உச்சிக்குப் போனது, உடனே சரிந்தது, பிறகு நிதானமாக ஏறியது. 2017ல் ஜாகுவாரே பழைய ஈ-டைப்களைத் தேடி வாங்கி, முழுதாகச் சீர்செய்து விற்கும் திட்டத்தை அறிவித்தது. ஆரம்ப விலை 2,85,000 பவுண்டு. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும் 1961 விலையைப் போலப் பல மடங்கு. (2008ல் ஜாகுவாரை வாங்கியது நம்ம டாடா மோட்டார்ஸ் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) 90 செலவு 100க்குக் கட்டுபடியாகாது என்று தூக்கிப் போட்ட அதே வளைந்த மூக்குக் கார்களை, இப்போது எத்தனை செலவானாலும் பரவாயில்லை என்று தேடுகிறார்கள். தேய்மான அட்டவணையில் ஏறுமுகத்துக்குக் கட்டமே கிடையாது.

எண் அடித்த இரும்பு

கதை இங்கே முடிந்திருந்தால் போல்ட்டுக்கு ஒரு மாலை போட்டுவிட்டுப் போயிருப்பேன். இன்னொரு முடிச்சு இருக்கிறது.

ஒவ்வொரு காருக்கும் சேஸி எண் உண்டு. அதுதான் அதன் பெயர், ஜாதகம், ரேஷன் கார்டு எல்லாம். ஈ-டைப்பில் அந்த எண்ணை எங்கே அடித்தார்கள் தெரியுமா? முன் சட்டகத்தின் குறுக்குக் குழாயில், வலது பக்க ஷாக் அப்சார்பர் மாட்டும் இடத்துக்கு மேலே. அதாவது, அடிபட்டால் கழற்றிப் போடுவதற்கென்றே செய்த பாகத்தில்!

1965ல் இதைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். வளைந்ததை எறிந்துவிட்டுப் புதுசு மாட்டினார்கள், கார் ஓடியது. இன்று நிலைமை வேறு. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த எண்களோடு என்ஜின், கியர்பாக்ஸ், சட்டகம் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து ஜாகுவார் ஹெரிடேஜ் அறக்கட்டளை சான்றிதழும் கொடுக்கிறது. புதுச் சட்டம் மாட்டினால் கார் பத்திரமானது, ஆனால் அடையாளம் போய்விடும். பழைய சட்டத்தையே விட்டுவைத்தால் அடையாளம் இருக்கும், உயிருக்கு உத்தரவாதம் இல்லை. வெற்றுக் குழாயில் பழைய எண்ணை அடித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எண்ணை மாற்றி அடிப்பது திருட்டுக் கார் வியாபாரிகளின் வேலை என்பதால், அந்தந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்து, எழுத்து மூலமான பதிவோடு செய்ய வேண்டிய காரியம் அது.

இதில் என் கட்சி எது என்று கேட்டால், தயங்காமல் புதுச் சட்டம். எண்ணுக்காக வெடித்த குழாயை வைத்துக்கொண்டு 150 மைல் காரை ஓட்டுவது, பத்திரத்தில் பெயர் இருக்கிறது என்பதற்காக இடிந்த வீட்டில் குடியிருப்பது மாதிரி. கழற்றிய சட்டத்தை மட்டும் எறியக் கூடாது. படம் எடுத்து, பில்லோடு சேர்த்து, காரோடு பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அடுத்து வாங்குகிறவனுக்கு அடி எங்கே விழுந்தது, எங்கே நின்றது, என்ன மாற்றினார்கள் என்று மூடி மறைக்காமல் காட்ட அதைவிடச் சாட்சி கிடையாது. அடிபட்டதை மறைத்த காரைவிட, அடிபட்டதைச் சொல்லும் கார்தான் நம்பி ஏறத் தகுந்தது.

1955ல் பற்றவைப்பதை விட்டுவிட்டு போல்ட் போட்டவர்கள் ஐம்பது அறுபது வருடம் கழித்து வரப்போகும் ஏலங்களையெல்லாம் யோசித்திருக்க மாட்டார்கள். நாளைக்கு அடிபடும், நாளன்றைக்கு ஓட வேண்டும் என்று மட்டும் யோசித்தார்கள். இன்று ஓடிக்கொண்டிருக்கும் ஈ-டைப்களில் எத்தனையோ அந்த யோசனையில் பிழைத்தவை. ஒரு பொருளை வாங்கும்போது விலை என்ன, எத்தனை வருடம் வரும் என்று கேட்கிறோம். உடைந்தால் எந்த இடத்தில் கழற்றலாம் என்றும் கேட்டுப் பாருங்கள். கையில் இருக்கும் செல்போனிலிருந்தே ஆரம்பிக்கலாம்.